'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டை இன்னும் ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பாடகி ஸ்கீட்டர் டேவிஸ் 1962-இல் பாடிய 'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' பார்த்தால் ஒரு சாதாரணக் காதல் தோல்விப் பாட்டு. கதை கிடையாது, குரலில் வித்தை கிடையாது, இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேலே போனதும் முடிந்துவிடுகிறது. கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமிய இசையும் பாப்பும் கலந்த அந்தக் காலத்துப் பாட்டுகளில் முக்கால்வாசி மறந்துபோன பிறகும் இது மட்டும் சினிமா, சீரியல், வீடியோ கேம் என்று திரும்பத் திரும்ப வருகிறதே, எப்படி?

நான் இதைக் காதல் தோல்விப் பாட்டாகக் கேட்பதில்லை. இழவு வீட்டுப் பாட்டாகத்தான் கேட்கிறேன். இது இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கப் பாட்டை எழுதியவர், பாடியவர், ரெக்கார்ட் செய்தவர் மூவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலில் பாட்டு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு பெண் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். சூரியன் ஏன் இன்னும் காய்கிறது? அலை ஏன் கரைக்கு ஓடி வருகிறது? பறவைகளுக்குப் பாடுவதற்கு என்ன இருக்கிறது? உலகம் முடிந்துபோனது இவற்றுக்கெல்லாம் தெரியாதா? நடுவில் வரும் பகுதியில், காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கிறதே என்று விளங்காமல் நிற்கிறாள். கடைசிச் சரணத்தில் கேள்வி வெளியுலகத்தை விட்டு அவள் உடம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. என் நெஞ்சு ஏன் இன்னும் அடித்துக்கொள்கிறது, இந்தக் கண்கள் ஏன் அழுகின்றன என்கிறாள்.

அவ்வளவுதான். காதல் என்ற விஷயம் ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியில் மட்டும் வருகிறது: நீ இனி என்னை நேசிக்கவில்லை, உன் அன்பை இழந்தேன், நீ விடைபெற்றுப் போனாய். அந்த மூன்று வரிகளை மூடிவைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். காதலன் விட்டுப்போன ஒருத்தி பேசுவதாகவே தோன்றாது. வீட்டில் ஒரு சாவு நடந்த மறுநாள் காலை எல்லோருக்கும் வருகிற கேள்விதான் அது. பால்காரர் வழக்கம்போல வந்துபோகிறார், எதிர்வீட்டு டிவி ஓடுகிறது, தெருமுனையில் பஸ் நிற்கிறது. நமக்கு இப்படி ஆகிவிட்டது, இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று ஒரு கோபமும் திகைப்பும் சேர்ந்து வரும். பாட்டு முழுக்க அந்தத் திகைப்புதான்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. வரிகளை எழுதிய சில்வியா டீ தன் தந்தை இறந்த துக்கத்திலிருந்துதான் இதை எடுத்திருக்கிறார். அர்க்கன்சாவின் லிட்டில் ராக்கில் 1914-இல் பிறந்தவர் அவர். இந்தப் பாட்டு வருவதற்கு முன்பே பெரிய பாடலாசிரியர். நாட் கிங் கோல் 1951-இல் பாடிப் பிரபலமாக்கிய 'டூ யங்' பாட்டின் வரிகளும் இவருடையவை. மெட்டமைத்தவர் ஆர்தர் கென்ட். இருவருமே பாப் பாட்டு எழுதும் தொழிலைச் சேர்ந்தவர்கள், கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் நகரத்து ஆட்கள் இல்லை. அப்பாவுக்காக வந்த துக்கம் காதல் பாட்டாக மாறியது ஏன் என்று எனக்கு ஆச்சரியம் கிடையாது. ரேடியோவில் ஒலிக்க வேண்டும், ரெக்கார்ட் விற்க வேண்டும் என்றால் காதலன் ஒருவன் தேவைப்பட்ட காலம் அது. கடைசி வரிகளில் அவனைக் கொண்டுவந்து வைத்தார். மற்ற வரிகளில் துக்கம் அப்படியே இருக்கிறது.

கன்ட்ரி பாட்டுகளில் பிரிவுத் துயரம் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். அங்கே எப்போதும் ஒரு கதை இருக்கும். இன்னொரு பெண் இருப்பாள், மதுக்கடை இருக்கும், திரும்பி வராத கடிதம் இருக்கும். நம் பக்கத்திலும் இலங்கையிலும் ஆங்கிலப் பாட்டு கேட்ட வீடுகளில் பரிச்சயமான ஜிம் ரீவ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய புகழ்பெற்ற 'ஹி வில் ஹேவ் டு கோ' பாட்டில் ஒருவன் போனில் பேசுகிறான், மறுமுனையில் அவளோடு வேறொருவன் இருக்கிறான். ஒரு சிறுகதையே அதில் அடங்கியிருக்கிறது. ரீவ்ஸும் ஸ்கீட்டரும் ஒரே ஆர்சிஏ ரெக்கார்ட் கம்பெனிக்காக, ஒரே தயாரிப்பாளர் செட் அட்கின்ஸின் மேற்பார்வையில் பாடியவர்கள்தான். ஆனால் ஸ்கீட்டரின் பாட்டில் கதை சுத்தமாக இல்லை. அவன் யார், ஏன் போனான், எந்த ஊர், தவறு யார் மேல், எதுவும் தெரியாது. அவள் அவனைத் திட்டுவதும் இல்லை, கெஞ்சுவதும் இல்லை. சொல்லப்போனால் அவனிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றுமே இல்லை. கேட்பதெல்லாம் சூரியனையும் கடலையும் பற்றித்தான்.

இப்போது பாடியவரைப் பற்றி. என் மனதில் இந்தப் பாட்டை உறையவைத்தது அவர் வாழ்க்கைதான்.

ஸ்கீட்டர் டேவிஸின் இயற்பெயர் மேரி ஃபிரான்சிஸ் பெனிக். கென்டக்கி மாநிலத்தில் 1931 டிசம்பர் 30 அன்று பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பள்ளியில் படிக்கும்போது பெட்டி ஜாக் டேவிஸ் என்ற பெண்ணோடு தோழமை ஏற்பட்டது. இருவரும் சேர்ந்து பாடத் தொடங்கி 'டேவிஸ் சிஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். உடன்பிறந்தவர்கள் இல்லை; தோழியின் குடும்பப் பெயரை இவர் எடுத்துக்கொண்டார், ஆயுள் முழுக்க அதையே வைத்துக்கொண்டார். 1953-இல் ஆர்சிஏ அவர்களை ஒப்பந்தம் செய்தது. 'ஐ ஃபர்காட் மோர் தன் யூ வில் எவர் நோ' என்ற பாட்டு வெளியானது.

அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு நிகழ்ச்சி முடித்து ஊர் திரும்பும்போது சின்சினாட்டி அருகே எதிரே வந்த கார் மோதியது. பெட்டி ஜாக் இறந்துபோனார். ஸ்கீட்டர் பலத்த காயங்களோடு பிழைத்தார். அவருக்கு அப்போது வயது 21. இதற்குப் பிறகுதான் அவர்கள் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்து எட்டு வாரம் அங்கேயே இருந்தது. இரண்டு பேர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலிக்கிறது, அதில் ஒருத்தி உயிரோடு இல்லை. பெட்டி ஜாக்கின் சகோதரி ஜார்ஜியாவைச் சேர்த்துக்கொண்டு சில வருடம் அதே பெயரில் பாடினார்கள். 1956-இல் அதுவும் முடிந்தது.

அப்புறம் 1950-களின் கடைசியில் ஸ்கீட்டர் தனியாகப் பாட வந்தார். இங்கேதான் செட் அட்கின்ஸ் ஒரு காரியம் செய்தார். ஸ்கீட்டரை ஒருமுறை பாடவைத்துப் பதிவு செய்தபின், அதற்கு மேல் அவரையே ஹார்மனியும், அதாவது மெட்டோடு இழைந்து வரும் இரண்டாவது குரலையும், பாடவைத்து இரண்டையும் சேர்த்தார். ஒரே ஆள் இரண்டு குரலில் பாடுவது அன்றைய கன்ட்ரி உலகில் அரிது. பழைய டேவிஸ் சிஸ்டர்ஸ் ஒலியைத் திரும்பக் கொண்டுவருவதற்கான தொழில்நுட்ப யோசனை அது, அவ்வளவுதான். ஆனால் தெரிந்துகொண்டு கேட்கும்போது அது வேறாகிவிடுகிறது. பக்கத்தில் நின்று பாட வேண்டியவள் இல்லை, அவள் இடத்தில் தன் குரலையே நிறுத்திக்கொண்டு ஒரு பெண் பாடுகிறாள். 'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' பாட்டில் கேட்கும் இரண்டு குரல்களும் ஸ்கீட்டர்தான்.

ஸ்டுடியோவில் நிற்கும்போது அவர் பெட்டி ஜாக்கை நினைத்தாரா என்பது இங்கே முக்கியம் இல்லை. எழுதியவர் தந்தையை இழந்தவர், பாடியவர் கூடவே நின்று பாடிய தோழியை இழந்தவர். பாட்டின் எடை அங்கிருந்து வருகிறது என்று நான் நம்புகிறேன். ஸ்கீட்டரின் குரலைக் கவனித்தால் தெரியும், அதில் அழுகை இல்லை. கன்ட்ரி பாடகிகள் பலர் தொண்டை உடைவதுபோல ஒரு கேவலைக் கொண்டுவருவார்கள், மிக அழகாகவும் இருக்கும். இவர் அதைச் செய்யவில்லை. நேராக, கொஞ்சம் மூக்கிலிருந்து வருகிற, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல். துக்கத்தில் உறைந்துபோனவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ரெக்கார்டிங் நடந்தது 1962 ஜூனில், நாஷ்வில்லில் இருந்த ஆர்சிஏ ஸ்டுடியோவில். 'நாஷ்வில் சவுண்ட்' என்று சொல்வார்களே, அதன் உச்சகாலம் அது. ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி ரெக்கார்டுகளின் விற்பனையை அடித்துப்போட்ட பிறகு, ஆர்சிஏயில் செட் அட்கின்ஸும் டெக்கா என்ற இன்னொரு ரெக்கார்ட் கம்பெனியில் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிராமத்து வாசனை அடிக்கும் ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் குறைத்து, வயலின் கூட்டத்தையும் மெல்லிய கோரஸையும் பியானோவையும் கொண்டுவந்தார்கள். நகரத்துப் பாப் ரசிகர்களும் வாங்கினார்கள். நாஷ்வில் சவுண்ட் என்றால் என்ன என்று கேட்டவரிடம் அட்கின்ஸ் பாக்கெட்டில் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டியதாக ஒரு கதை பிரபலம்.

கன்ட்ரியின் உயிரை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகில் முக்கினார்கள் என்று இந்தப் பாணியைக் குறை சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பல ரெக்கார்டுகளுக்கு அந்தக் குறை பொருந்தும், நானும் ஒத்துக்கொள்வேன். இந்தப் பாட்டுக்கு அது பொருந்தாது. யோசித்துப் பாருங்கள்: ஒரு பெண் தன் உலகம் முடிந்துவிட்டது என்கிறாள், பின்னால் வயலின்கள் எந்தப் பதற்றமும் இல்லாமல் இனிமையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு தட்டுக்கு மூன்று என்று நிதானமாக நடக்கும் தாளம் ஒருமுறைகூடத் தடுமாறுவதில்லை. ஃபிளாய்ட் கிராமரின் பியானோ பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு வழுக்கி வருகிற அவருடைய வழக்கமான பாணியில் ஆறுதலாக வருகிறது. அவள் எந்த உலகத்தைப் பார்த்து ஏன் நிற்காமல் போகிறாய் என்று கேட்கிறாளோ, அந்த உலகமே இசையாகப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னணியும் சேர்ந்து அழுதிருந்தால் பாட்டு பாதி செத்திருக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பாட்டு முடியும் தறுவாயில் சுருதி அரைப்படி மேலே ஏறுகிறது. பாப் பாட்டுகளில் இது சாதாரண உத்தி, உற்சாகம் கூட்டுவதற்குச் செய்வார்கள். இங்கே அது உற்சாகமாகக் கேட்பதில்லை, அடக்கி வைத்திருப்பது கொஞ்சம் கைமீறுவதுபோல இருக்கிறது. இன்னொன்று, அந்தக் கடைசிப் பகுதியில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். நெஞ்சு ஏன் துடிக்கிறது, கண் ஏன் அழுகிறது என்ற அந்த இரண்டு கேள்விகளும் பேச்சாக வருகின்றன. அதுவரை துணைக்கு இருந்த இரண்டாவது குரல் அங்கே இல்லை. ஒரே குரல் தனியாகக் கேட்கிறது. பேசுவது கன்ட்ரி பாட்டுகளில் பழைய வழக்கம்தான், பல சமயம் மிகையாகவும் போய்விடும். இங்கே இரண்டே வரியில் நிறுத்திவிட்டு, மறுபடி பாட்டுக்குத் திரும்பி முடித்துவிடுகிறார்கள்.

ரெக்கார்ட் 1962 டிசம்பரில் வெளிவந்தது. 1963 மார்ச்சில், அமெரிக்காவில் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பத்திரிகையின் பொதுப் பாப் பட்டியலில் 2-ஆம் இடம், கன்ட்ரி பட்டியலில் 2-ஆம் இடம், ஈஸி லிசனிங் பட்டியலில் முதலிடம், ஆர் அண்ட் பி பட்டியலில் 4-ஆம் இடம். இந்த நான்காவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களும் வெள்ளையர்களும் ஒரே உணவகத்தில் உட்கார முடியாத காலம். ஆர் அண்ட் பி பட்டியல் கறுப்பின ரசிகர்களின் ரேடியோவையும் கடைகளையும் வைத்துப் போடுவது. கென்டக்கியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கன்ட்ரி பாடகிக்கு அங்கே நான்காம் இடம். கதவை மறுபக்கத்திலிருந்து கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்கீட்டர் ஸ்டுடியோவில் பாடிய அதே 1962 ஜூனில், டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' என்ற கன்ட்ரி பாட்டு ரே சார்ல்ஸ் குரலில் நாட்டின் முதலிடத்தில் இருந்தது. பிரிவுத் துயரத்துக்குக் கன்ட்ரி என்றும் கறுப்பினத்தவரின் சோல் இசை என்றும் வேலி போட முடியாது என்பது அந்த ஒரு வருடத்தில் இரண்டு பக்கமிருந்தும் தெரிந்துபோனது.

சரி, பட்டியல் கதை 1963-ஓடு முடிந்தது. பிறகு எப்படி உயிரோடு இருக்கிறது? மறுபடியும் அந்தக் கதை இல்லாத தன்மைதான் காரணம். ஊரும் பேரும் இல்லாத பாட்டு என்பதால் எந்தத் துக்கத்துக்கும் பொருந்துகிறது. ஜப்பானில் ஹாருகி முரகாமி 1985-இல் எழுதிய நாவல் ஒன்றின் தலைப்பிலேயே உலகத்தின் முடிவு வருகிறது. அதன் முகப்பில் இந்தப் பாட்டின் வரிகளைத்தான் வைத்தார். அங்கே அது ஒரு மனிதனின் நினைவுலகம் முடிந்துபோவதைப் பற்றியது. 'கேர்ள், இன்டரப்டட்' என்ற 1999 படத்தில் ஒரு இளம்பெண்ணின் மரணக் காட்சியில் இந்த ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருக்கும். 'மேட் மென்' சீரியலில் கென்னடி சுடப்பட்ட நாட்களைக் காட்டும் அத்தியாயம் இந்தப் பாட்டோடு முடிகிறது. அங்கே ஒரு நாடே அந்தப் பெண்ணின் இடத்தில் நிற்கிறது. 2015-இல் வந்த 'ஃபால்அவுட் 4' வீடியோ கேமில் அணு ஆயுதப் போரில் அழிந்துபோன நகரத்தின் ரேடியோவில் இது ஒலிக்கிறது. உருவகமாகச் சொன்ன உலகமுடிவு அங்கே நிஜமாகவே நடந்து முடிந்திருக்கிறது. இந்தப் பாட்டை அந்த கேமில்தான் முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்லும் இளைஞர்கள் ஏராளம். இதில் ஒன்றுகூடக் காதலன் பிரிந்துபோன காட்சி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மற்றவர்கள் பாடியதும் நிறைய. பிரெண்டா லீ, ஜூலி லண்டன் இருவரும் 1963-லேயே பாடிவிட்டார்கள். ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் குழுவினர் 1965-இல் பாடினார்கள். கார்பென்டர்ஸ் 1973-இல் வெளியிட்ட ஆல்பத்தில், பழைய ஹிட் பாட்டுகளைக் கோத்த பகுதியில் இதுவும் வரும். கேரன் கார்பென்டர் குரலுக்கு நான் அடிமை. இருந்தும், இரண்டு குதூகலமான பாட்டுகளுக்கு நடுவில் இது அகப்பட்டுக்கொண்டு வந்த வேகத்தில் போய்விடுகிறது. ஜூலி லண்டன் பாடும்போது அனுபவப்பட்ட ஒரு பெண் பேசுவதுபோல இருக்கும். அவளுக்கு ஏற்கெனவே பதில் தெரியும். ஸ்கீட்டரிடம் மட்டும்தான் உண்மையிலேயே பதில் தெரியாமல் கேட்பதுபோல இருக்கிறது.

ஒரே பாட்டுக்காரி என்று இவரை ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 1963-இல் ஜெரி காஃபின், கரோல் கிங் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டே மேட் அட் யூ' மூலம் பாப் பட்டியலின் முதல் பத்துக்குள் மறுபடி வந்தார். நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை மேடை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில் 1959-லிருந்து உறுப்பினர். 1973-இல் அதே ஆப்ரி மேடையில், தெருவில் மதப் பிரசாரம் செய்த இளைஞர்களை நாஷ்வில் போலீஸ் கைது செய்ததைக் கண்டித்துப் பேசினார். அதற்காக ஆப்ரி அவரை ஒரு வருடத்துக்கும் மேலாக விலக்கி வைத்தது. தன் பிழைப்பு எந்த மேடையோ அந்த மேடையிலேயே நின்று பேசுகிற துணிச்சல் அவருக்கு இருந்தது. மார்பகப் புற்றுநோயோடு பல வருடம் போராடி 2004 செப்டம்பரில் இறந்தார்.

செட் அட்கின்ஸ் அதற்கு முன்பே 2001-இல் இறந்திருந்தார். நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் நடந்த அவருடைய இறுதி நிகழ்ச்சியில் கன்ட்ரி இசைக் கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட் இந்தப் பாட்டைக் கருவியிசையாக வாசித்தார். மூன்று வருடம் கழித்து அதே அரங்கில் ஸ்கீட்டரின் இறுதி நிகழ்ச்சியிலும் இந்தப் பாட்டு ஒலித்தது. நாஷ்வில்லில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன, பக்திப் பாட்டுகளுக்கும் பஞ்சம் இல்லை. ஒரு காதல் தோல்விப் பாட்டை எடுத்து இரண்டு சாவுக்கு இசைத்தார்கள் என்றால், அந்த ஊர்க்காரர்களுக்கும் இது எந்த வகைப் பாட்டு என்று தெரிந்திருக்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு: முதலில் டேவிஸ் சிஸ்டர்ஸின் 1953 பாட்டைக் கேளுங்கள், அதில் இரண்டு பெண்களின் குரல் இருக்கிறது. அடுத்து ஃபிளாய்ட் கிராமரின் பியானோ மெட்டுக்கு வரிகள் சேர்த்து ஸ்கீட்டர் பாடிய 'மை லாஸ்ட் டேட்'. அந்த வரிகளில் அவருடைய பங்கும் உண்டு. மூன்றாவதாக 'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்'. ஹெட்ஃபோனில் கேட்டால் ஹார்மனிக் குரல் எங்கே வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று தெளிவாகப் பிடிபடும். பின்னாளில் பாப் பாடகிகள் மறுபதிவு செய்ததைத் தவிர்த்து, 1962 ஆர்சிஏ பதிவைத் தேடி எடுத்துக் கேளுங்கள்.